எஸ்எஸ்டி மாத்தினா விண்டோஸ் லைசென்ஸ் மறுபடியும் வாங்கணுமா?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். 2022-ல வாங்கின லேப்டாப், இன்டெல் 12-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ஆஃபிஸ் 2021 ரெண்டும் கூடவே வந்தது. உள்ள இருக்கிற 256 ஜிபி எஸ்எஸ்டி அடிக்கடி தொங்குது, ஹெல்த் ரொம்பக் கீழ போயிடுச்சு. 1 டிபி போடலாம்னு பினாங்கு கொம்தார்ல ஒரு கடையில விசாரிச்சா, "டிஸ்க் மாத்தினா லைசென்ஸ் போயிடும், விண்டோஸுக்குத் தனியா 150 வெள்ளி (ரிங்கிட்)"ன்னு சொல்றாங்க. லேப்டாப் ஸ்டிக்கர்ல லைசென்ஸ் கீ எதுவும் இல்லை. பழைய லைசென்ஸே போதுமா? ஆஃபிஸ் என்ன ஆகும்?

சுங்கை_ஆரா:
150 வெள்ளி கட்டாதீங்க. லைசென்ஸ் டிஸ்க்ல இல்லை, மதர்போர்டுல இருக்கு. விண்டோஸ் 8 காலத்திலேர்ந்தே பிராண்ட் லேப்டாப்புக்கு 25 எழுத்து கீயை ஃபேக்டரியிலேயே பயாஸ் சிப்புல எழுதிடறாங்க. ஸ்டிக்கர்ல கீ இல்லாததுக்குக் காரணம் அதான். இன்ஸ்டாலர் அதைத் தானா படிச்சுக்கும். எந்த எடிஷன்னு கூடக் கேட்காம சிங்கிள் லாங்குவேஜையே போட்டுடும். நெட் கிடைச்சதும் ஆக்டிவேட் ஆயிடும்.

கழட்டறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கணும்னா: விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ (எல்லாம் ஆங்கில எழுத்துல) அடிங்க. வர்ற பெட்டியில "ஓஇஎம் டிஎம்"னு இருந்தா கீ போர்டுல இருக்கு, பேச்சே இல்லை. "ரீட்டெயில்"னு காட்டி, கீயோட கடைசி ஐந்து எழுத்து 3வி66டி (ப்ரோ) அல்லது 8எச்விஎக்ஸ்7 (ஹோம்) ஆக இருந்தா, அது உலகத்துக்கே பொதுவான கீ. குறிச்சு வச்சு பிரயோஜனமில்லை. அந்த மெஷினோட உரிமை மைக்ரோசாஃப்ட் சர்வர்ல, போர்டோட அடையாளத்தோட பதிவாகியிருக்கும். அதுலயும் டிஸ்க் மாத்தறதால ஒண்ணும் ஆகாது. போர்டு மாறினாத்தான் சிக்கல்.

உண்மையில கவலைப்பட வேண்டியது பிட்லாக்கரைத்தான், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. உங்க மாதிரி லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சதுமே ஹோம் எடிஷன்லகூட அது "டிவைஸ் என்கிரிப்ஷன்"ங்கிற பேர்ல சத்தமில்லாம ஆன் ஆகியிருக்கலாம். அப்போ பழைய எஸ்எஸ்டியைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டா, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துல இருக்கும். லேப்டாப் ஓடும்போதே பார்த்து ஒரு தாள்ல எழுதிடுங்க.

ஆஃபிஸ் போர்டுல இல்லை. முதல் தடவை எந்தக் கணக்குல ஆக்டிவேட் பண்ணீங்களோ அந்தக் கணக்குலதான் இருக்கு. அதே கணக்குல நுழைஞ்சு டவுன்லோட் பண்ணிக்கலாம். எந்த இமெயில்னு மறந்து போறதுதான் வழக்கமா நடக்கிற கூத்து. இப்பவே வேர்டைத் திறந்து "அக்கவுன்ட்" பக்கத்தைப் பாருங்க.

ஜெலுத்தோங்_டெக்:
மேல சொன்னது சரி. ஆனா இன்டெல் 11-ஆம் தலைமுறையிலேர்ந்து வந்த லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணும்போது "டிஸ்க்கே இல்லை"ன்னு ஒரு திரை வரலாம், நிறைய பேர் புது எஸ்எஸ்டியே பழுதுன்னு கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்க. காரணம் பயாஸ்ல விஎம்டி (டிஸ்க்கை நிர்வகிக்கிற இன்டெல் வசதி) ஆன்ல இருக்கிறது. இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாம இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. லேப்டாப் கம்பெனி சப்போர்ட் பக்கத்துல அந்த டிரைவரை எடுத்து, விரிச்சு (எக்ஸ்ட்ராக்ட் பண்ணி), விண்டோஸ் இன்ஸ்டாலர் இருக்கிற தம்ப்டிரைவ்லயே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. இஎக்ஸ்இ ஃபைலா அப்படியே போட்டா ஏத்துக்காது, உள்ள இருக்கிற ஐஎன்எஃப் ஃபைல்கள் வெளியில இருக்கணும். அப்புறம் "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினா டிஸ்க் வந்துடும்.

தம்ப்டிரைவ் 8 ஜிபி போதும். அதுல இன்ஸ்டாலரை எழுதற மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல், ஏற்கெனவே இருக்கிறதை எல்லாம் அழிச்சிடும், அதனால டிரைவரை அதுக்கு அப்புறம் போடுங்க. வைஃபை டிரைவர் இல்லாம செட்அப் நின்னா, ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க.

குளோன் பண்ணலாமான்னு, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதுசுக்குக் காப்பி பண்ணலாமான்னு, அடுத்து கேட்பீங்க. உங்க கேஸ்ல வேண்டாம். சாகப் போற டிஸ்க்கை முழுசா படிக்க வைக்கிறதே அதுக்குப் பெரிய சுமை. பிட்லாக்கரை நீக்கினா முழுசா திரும்ப எழுதவும் செய்யும். ஃபைல்களை முதல்ல வெளிய எடுங்க, புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க. இன்னொண்ணு, வாங்கும்போது எஸ்எஸ்டி சொருகுற எம்.2 ஸ்லாட் என்விஎம்இ வகையா, 2280 (80 மி.மீ. நீளம்) போடறதா, 2242 (42 மி.மீ.) போடறதான்னு மேனுவல்ல பாருங்க.

செராஸ்_24:
குறுக்க ஒரு கேள்வி. அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப். விண்டோஸ் ப்ரோ கீ ஆன்லைன்ல 20 வெள்ளிக்கு வாங்கினது. அந்த கமாண்டு அடிச்சா "வால்யூம் எம்ஏகே"ன்னு காட்டுது. டிஸ்க் மாத்தினா?

சுங்கை_ஆரா:
உங்க நிலைமை வேற. எம்ஏகே ஒரு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கைக்குத் தர்ற கீ, அதுல ஒண்ணைப் பிரிச்சு வித்திருக்காங்க. அதுக்கு மைக்ரோசாஃப்ட் சர்வர்ல உரிமை (டிஜிட்டல் லைசென்ஸ்) பதிவாகாது. புதுசா இன்ஸ்டால் பண்ணா எண்ணிக்கையில இன்னொண்ணு கழியும். முடிஞ்சிருந்தா சி004சி020 பிழை வரும், உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. பழைய டிஸ்க் நல்லா இருந்தா குளோன் பண்ணுங்க, ஆக்டிவேஷன் பெரும்பாலும் கூடவே வந்துடும். ஆனா அது தனி ஆளுக்கான லைசென்ஸே இல்லை, என்னைக்கு வேணா செத்துப் போகலாம். தனி ஆளுக்கு விக்கிற ஒரு முழு ரீட்டெயில் கீ வாங்கிட்டா, பின்னாடி போர்டு மாத்தினாலும் கூட எடுத்துட்டுப் போகலாம். வீட்ல பழைய விண்டோஸ் 7 கீ இருந்தா நம்பி இறங்காதீங்க, அந்தக் கீயால புது விண்டோஸை ஆக்டிவேட் பண்ற வழியை 2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் அடைச்சுட்டாங்க.

பட்டர்வொர்த்வாசி:
"ஓஇஎம் டிஎம்"னுதான் வருது. ரெக்கவரி கீயும் கணக்குல இருக்கு, எழுதிட்டேன். ஆஃபிஸ் வேற இமெயில்ல இருந்தது! ஒரு சந்தேகம்: லேப்டாப் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பின்னாடி போர்டே மாத்திட்டா?

ஜெலுத்தோங்_டெக்:
புது போர்டுல கீயை எழுதித் தர்றது அவங்க வேலை. வாங்கிட்டு வரும்போது கவுன்டர்லயே நெட்டோட கனெக்ட் பண்ணி, செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் திறந்து பாருங்க. சி004எஃப்213 காட்டினா போர்டுல கீ எழுதலைன்னு அர்த்தம், அங்கேயே திருப்பிக் கொடுங்க.