ஃபேட்டி லிவர்னு, அதாவது ஈரல்ல கொழுப்புன்னு, ரிப்போர்ட் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

பனித்துளி:
நான் எச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்சு 11 வருஷம் ஆச்சு, வைரல் லோடு, அதான் ரத்தத்துல வைரஸ் அளவு, எப்பவும் கண்டுபிடிக்க முடியாத அளவுலதான் இருக்கு. போன மாசம் வயித்து வலின்னு எடுத்த ஸ்கேன்ல கடைசி வரில ஃபேட்டி லிவர் கிரேடு 2ன்னு போட்டிருந்தாங்க. டாக்டர் நிமிந்துகூட பாக்காம கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு குடிப்பீங்க? ஒரு சொட்டு தொட்டதில்லைங்கன்னேன், நம்பலன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து யோசிச்சு, தினமும் தவறாம உள்ள போறது எச்ஐவியை அடக்கற ஏஆர்டி மாத்திரை ஒண்ணுதான், அதுதான் ஈரலைக் கெடுக்குதுன்னு நானே முடிவு கட்டி 4 நாள் போடல. அஞ்சாம் நாள் பயந்துபோய் திரும்ப ஆரம்பிச்சுட்டேன். திட்டாதீங்க, ப்ளீஸ்.

பழையஆளு:
தம்பி, திட்டத்தான் போறேன். உன் மாத்திரைல டெனோஃபோவிர், லாமிவுடின் இருந்தா அது ஹெபடைடிஸ் பி வைரஸையும் சேர்த்து அமுக்கி வச்சிருக்கும், உள்ள பி இருக்கிற ஆளு திடீர்னு நிறுத்தினா அது எகிறி ஈரலை ஒரு வழி பண்ணிடும். பி, சி ரெண்டும் டெஸ்ட் எடுத்திருக்கியா, மொதல்ல அதைச் சொல்லு.

மாத்திரையால வரவே வராதுன்னும் நான் சொல்லமாட்டேன். நான் ஸ்டாவுடின்னு பழைய எச்ஐவி மருந்து இருந்த காலத்து ஆளு. கன்னம் ஒட்டி, கை கால்ல நரம்பு புடைச்சு, வயிறு மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னவன். ஒல்லிக்குச்சி எனக்கு ஃபேட்டி லிவரான்னு சிரிச்சேன். தோலுக்கு அடியில இருக்க வேண்டிய கொழுப்பு அங்க இடமில்லாம ஈரல்ல போய் உக்காந்திருக்குன்னாங்க. அந்த மருந்தைப் படிப்படியா விட்டுடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2009ல சொல்லிடுச்சு. இப்ப நீ போடறது அதில்ல.

செம்பருத்தி:
என் கதை வேற. டொலுடெக்ராவிர் இருக்கிற ஏஆர்டி மாத்திரைக்கு மாத்தினப்புறம் ஒன்றரை வருஷத்துல 9 கிலோ ஏறிட்டேன், எல்லாத்தையும் மாத்திரை தலையில போட முடியாது, அந்த சமயத்துல பசியும் நல்லா எடுத்துச்சு, நடக்கறதும் நின்னுபோச்சு. ஈரலுக்குப் பாக்கிற ரத்த டெஸ்ட் எஸ்ஜிபிடி நார்மல்தான், ஆனா ஸ்கேன்ல கொழுப்பு. அது நார்மலா இருந்தா ஈரல் நல்லா இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன், அப்படியில்லையாம்.

எங்க டாக்டர் வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நாலையும் வச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு போட்டாங்க. 1.3க்குக் கீழ வந்தா ஈரல்ல தழும்பு விழுந்திருக்குமோங்கிற பயம் குறைவு. எனக்கு 1.6, அதனால ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்கிற ஃபைப்ரோஸ்கேன். 3 மணி நேரம் வெறும் வயித்துல இருந்துட்டுப் போனேன், விலாவுல டொக்கு டொக்குன்னு தட்டற மாதிரி இருக்கும், வலியே இல்ல. 6.1 கிலோபாஸ்கல். 8க்குக் கீழன்னதும் உயிர் வந்துச்சு.

ஒரு விஷயம் சொல்லணும், வெக்கமாத்தான் இருக்கு. சுகர் டாக்டர்கிட்ட எனக்கு எச்ஐவி இருக்கிறதைச் சொல்லல. அவர் மெட்ஃபார்மின் நாளைக்கு 2000 மில்லிகிராம் எழுதிட்டாரு, வயிறு கலக்கி எடுத்துச்சு. ஏஆர்டி குடுக்கிற இடத்துல இருந்த ஃபார்மசிஸ்ட் அக்காதான் சீட்டைப் பாத்துட்டு, டொலுடெக்ராவிர் கூடப் போட்டா மெட்ஃபார்மின் ரத்தத்துல ஏறிடும், 1000 தாண்டக்கூடாதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த டாக்டர் மேல தப்பே இல்ல, மறைச்சவ நான்.

பழையஆளு:
மறைக்கிறதுக்கு நமக்குக் காரணமா இல்ல. நான் ரெண்டு பல் டாக்டரை மாத்தினவன். ஆனா ஈரல் டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் தம்பி, ஈரலைக் கழுவற டானிக்னு யாராவது குடுத்தா வாங்கிடாதே, அதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

பனித்துளி:
போயிட்டு வந்தேன். பி, சி ரெண்டும் நெகட்டிவ். ஃபிப்-4 1.1. நாலு நாள் விட்டதையும் சொல்லிட்டேன், டாக்டரம்மா திட்டல, வைரல் லோடு மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னாங்க. 82 கிலோ இருக்கேன், மொதல்ல 6 கிலோ குறைங்க, கொழுப்பு தானா இறங்கும்னாங்க. தினமும் எத்தனை கூல்ட்ரிங்க்ஸ்னு கேட்டாங்க, அங்கதான் மாட்டினேன்.

இந்த தடவை ஃபாரத்துல சாப்பிடற மருந்துன்னு இருந்த கட்டத்துல என் ஏஆர்டி மாத்திரைல இருக்கிற மூணு மருந்தோட பேரையும் முழுசா எழுதினேன், கை நடுங்குச்சு. நர்ஸ் படிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அடுத்த கேள்வி, எவ்வளவு குடிப்பீங்க?