டிரான்ஸ்மெட்டலேஷன்: தமிழில் எந்தச் சொல்?

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் செய்முறைக் கையேட்டில் கார்பீன் (இரண்டு பிணைப்புகள் மட்டுமே உள்ள கார்பனைக் கொண்ட மூலக்கூறு) பகுதியை எழுதி முடித்தாயிற்று. நைட்ரஜன் பல்லினவளையக் கார்பீன், ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), அணைவுச் சேர்மம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. டிரான்ஸ்மெட்டலேஷன்தான் (ஓர் அணுவில் பிணைந்த தொகுதி அதை விட்டு வேறோர் உலோகத்துக்குப் போவது) இழுக்கிறது. இப்போதைக்கு ‘உலோக மாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். செய்முறையையும் தருகிறேன், அதை வைத்தே சொல்லைப் பாருங்கள்.

1,3-டைபென்சைல் இமிடசோலியம் குளோரைடு 570 மி.கி. (2 மில்லிமோல்), டைகுளோரோமீத்தேன் 20 மி.லி., வெள்ளி ஆக்சைடு 255 மி.கி. (1.1 மில்லிமோல்). குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, அறை வெப்பநிலையில் இரவு முழுக்கக் கலக்க வேண்டும். ஆக்சைடே காரமாகி, இரு நைட்ரஜனுக்கும் நடுவிலுள்ள கார்பனின் புரோட்டானை எடுக்கிறது. அந்தக் கார்பனை வெள்ளி பிடித்துக்கொள்கிறது. நீர் வெளியேறுகிறது. செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடிகட்டி, தெளிந்த கரைசலில் டைமெத்தில் சல்ஃபைடு–தங்க குளோரைடு 589 மி.கி. (2 மில்லிமோல்) சேர்த்தால் வெள்ளி குளோரைடு வெள்ளையாக வீழ்படிகிறது. கார்பீன் தங்கத்தோடு சேர்ந்துவிட்டது. இந்தக் கடைசிப் படிக்குத்தான் பெயர் வேண்டும்.

தக்கலையிலிருந்து:

‘உலோக மாற்றம்’ வேண்டாம் டீச்சர். வெள்ளி தங்கமாகிறது என்று முதல் வாசிப்பிலேயே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ‘மறுநடவு’ எப்படி? ஞாறு ஓரிடத்தில் வளர்ந்து வேறு வயலுக்குப் போவதுபோல் கார்பீன் வெள்ளியில் உருவாகித் தங்கத்துக்குப் போகிறது. நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

சார் சொன்னதில் திசை சரியாக வந்திருக்கிறது. நகர்வது கார்பீன், உலோகம் அல்ல. ஆனால் ‘மறுநடவு’ என்றால் வினைச்சொல் ஆக்கும்போது இடிக்கும். ‘கார்பீன் மறுநடப்பட்டது’ என்று தேர்வுத்தாளில் யார் எழுதுவார்கள்? ‘கைமாற்றம்’ என்று வைக்கலாம். கார்பீன் வெள்ளியிலிருந்து தங்கத்துக்குக் கைமாறுகிறது. பெயரும் வினையும் இயல்பாக வருகின்றன.

‘பரிமாற்றம்’ என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் இதே குடுவையில் நடக்கும் வேறொன்றுக்கு வேண்டும். குளோரைடு உப்புக்குப் பதில் புரோமைடு உப்பில் தொடங்கினால், கார்பீன் தங்கத்துக்குப் போகும்போது ஹாலைடுகள் கலந்துபோகும். தங்கக் குளோரைடும் தங்கப் புரோமைடும் கலவையாகக் கிடைக்கும். என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) ஒன்றையொன்று ஒட்டிய இரு தொகுதிக் குறிகள் வரும், தனிமப் பகுப்பாய்வும் பொருந்தாது. மாணவர் அதைத் தூய்மைக் குறைவென்று நினைத்து மீண்டும் மீண்டும் படிகமாக்குவார், பிரியாது. அது ஹாலைடு பரிமாற்றம். டைமெத்தில் சல்ஃபைடு தங்கத்தை விட்டுப் போவது இடப்பெயர்ச்சி (நாற்றம் கடுமை, ஃபியூம் ஹூடு என்ற புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே இந்தப் படி கூடவே கூடாது). மூன்று நிகழ்ச்சிக்கும் மூன்று சொல் இருந்தால்தான் எது தவறிற்று என்று பிள்ளைகளால் எழுத முடியும்.

இன்னொரு காரணம். சுசுக்கி வினையில் (இரு கார்பன்களை இணைக்கும் வினை) போரானிலிருந்து பல்லேடியத்துக்கு அரைல் தொகுதி (பென்சீன் போன்ற வளையம்) போவதும் டிரான்ஸ்மெட்டலேஷன்தான். போரான் உலோகமே இல்லை. ‘உலோக’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் அங்கே தடுமாறும். ‘அரைல் கைமாற்றம்’ நேராக நிற்கும்.

செய்முறையில் சில சேர்க்க வேண்டும். இமிடசோலியம் குளோரைடு ஈரம் குடிக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு, ஜூனிலும் நவம்பரிலும் திறந்த தட்டில் எடை போட்டால் நீரையும் சேர்த்துத்தான் எடை போடுகிறோம். கார்பீன் குறையும், தங்க உப்பு மிஞ்சும், மிஞ்சியது ஒடுக்கமடைந்து உலோகத் தங்கமாகிக் கரைசல் ஊதாவாகும். வெற்றிடத்தில் உலர்த்திய உடனே எடை போடச் சொல்லுங்கள். இருந்தாலும் இந்தக் காற்றுக்கு வெள்ளி ஆக்சைடு வழிதான் ஏற்றது. பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு போட்டுத் தனிக் கார்பீன் எடுப்பதென்றால் உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானும் நைட்ரஜன் சூழலும் தவறக் கூடாது.

தங்கம் சேர்க்கும் முன் வெள்ளிச் சேர்மத்தைச் சரிபார்க்க வேண்டும். புரோட்டான் என்.எம்.ஆரில் 9–11 பிபிஎம் பக்கம் இருந்த இமிடசோலியம் குறி முழுதும் மறைந்திருக்க வேண்டும், கார்பன் என்.எம்.ஆரில் 180 பிபிஎம் அருகே கார்பீன் குறி தெரிய வேண்டும். பழைய குறி மிச்சமிருந்தால் இன்னும் சில மணிநேரம் கலக்கட்டும்.

தக்கலையிலிருந்து:

கைமாற்றத்துக்குச் சம்மதம். அப்படியானால் கையேட்டின் தாமிரச் செய்முறையில் அந்தச் சொல் வரக் கூடாது என்பதையும் குறியுங்கள். அங்கே இமிடசோலியம் உப்பு, தாமிர(I) குளோரைடு, இரு மடங்கு மோல் பொட்டாசியம் கார்பனேட் எல்லாம் அசிட்டோனில் ஒன்றாக 60 டிகிரி செல்சியஸில் சூடாகின்றன. கார்பீன் நேரே தாமிரத்தில் அமைகிறது. கை மாறுவதற்கு இடையில் வேறு உலோகம் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து:

சரி. கடைசிப் படி இப்படி மாறுகிறது: “தங்க உப்பைச் சேர்த்து இரண்டு மணிநேரம் இருளில் கலக்குக. கார்பீன் தங்கத்துக்குக் கைமாறியதும் வெள்ளி குளோரைடு வீழ்படியும். நுண்ணிய வீழ்படிவு வடிதாளைக் கடந்துவிடும். புதிய செலைட்டில் இருமுறை வடிகட்டுக.” தாமிரப் பக்கத்தில் ‘நேரடி அமைவு’ என்று போடுகிறேன். சுசுக்கிப் பகுதியை எழுதுகிறவர் ‘அரைல் கைமாற்றம்’ என்றே எழுதட்டும்.