மூன்று முனை ஜோசப்சன் ஜங்ஷன்: சிமுலேஷனில் வரும் இந்தக் கோடு க்வார்டெட்தானா?

நிலா_கோட்டூர்புரம்:
வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காக மூன்று முனை ஜோசப்சன் ஜங்ஷனை (மீக்கடத்திகளை மெல்லிய இணைப்பால் சேர்க்கும் அமைப்பு) பைதானில் சிமுலேட் செய்கிறேன். ஒரு முனை கிரவுண்டில். மற்ற இரண்டுக்கும் தனித்தனியாகக் கரண்ட் கொடுக்கிறேன். எந்த இரு முனைக்கு நடுவிலும் ஒரு சாதாரண சைன் ஜங்ஷன் (கரண்ட், இரு பக்க குவாண்டம் ஃபேஸ் வித்தியாசத்தின் சைனாக மாறும்), கூடவே ஒரு ரெசிஸ்டர். ஒரு முனை +20 மைக்ரோவோல்ட், இன்னொன்று −20 என்று சமமாக எதிரெதிராக வரும் இடங்களில் எல்லாம் ரெசிஸ்டன்ஸ் விழுந்து, வரைபடத்தில் சாய்வாக ஒரு கோடு. க்வார்டெட் (நான்கு எலக்ட்ரான்கள் சேர்ந்து நகர்வது) என்கிறார்களே, அதுவா இது? நிரலில் அதற்கான எதையும் நான் எழுதவில்லை. திங்கட்கிழமை ரிவ்யூ.

பழவந்தாங்கல்காரன்:
டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்க.

நிலா_கோட்டூர்புரம்:
பார்த்துட்டேன் அண்ணா. கோடு அப்படியேதான் இருக்கு.

தரமணிவாசி:
நிரல் சரியாத்தான் இருக்கும்மா. அந்தக் கோட்டை உங்க சர்க்யூட்டே போடுது.

மின்னழுத்தம் இருந்தா ஜங்ஷனின் ஃபேஸ் சுத்தும்: ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு 483.6 மெகாஹெர்ட்ஸ், அப்போ 20-க்கு சுமார் 9.7 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டு ஃபேஸும் அதே வேகத்தில் எதிரெதிர் திசையில் சுத்துது, அதனால் அவற்றின் கூட்டுத்தொகை நகராம நிக்குது. ஒரு ஜங்ஷனின் ஏசி கரண்ட் ரெசிஸ்டர்கள் வழியாப் போய் அடுத்த முனையின் மின்னழுத்தத்தை ஆட்டுது. அதிர்வெண் ஒண்ணு என்பதால், பெருக்கினா ஒரு டிசி மிஞ்சும். உங்க கோடு அதுதான்.

நிஜ க்வார்டெட்டின் கதை வேற. கிரவுண்ட் முனையிலிருந்து இரண்டு கூப்பர் ஜோடிகள் (மீக்கடத்தியில் இரண்டிரண்டா இணைஞ்ச எலக்ட்ரான்கள்) ஒரே நேரத்தில் வந்து, எலக்ட்ரான்கள் துணை மாறி, முனைக்கு ஒரு ஜோடியாப் பிரிஞ்சு போகும். நாலு எலக்ட்ரான்களும் சேர்ந்து செய்யற வேலை. அதுக்கு நடுப்பகுதி கோஹிரன்ஸ் நீளத்தைவிட (ஏறக்குறைய ஒரு ஜோடியின் அளவு) பெரிசா இருக்கக் கூடாது. 2011-இல் ஃப்ரெயின், டூசோ, ஃபைன்பெர்க், மெலின் இதைக் கணிச்சாங்க. வரைபடத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வரும், கண்ணால் பிரிக்கவே முடியாது. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இண்டியம் ஆர்சனைடு நானோகம்பியில் அளந்தவங்க, இரு முனைகளின் கரண்ட் நாய்ஸும் சேர்ந்து ஏறி இறங்குதான்னும் பார்த்தாங்க. அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்களுக்கு எளிய சோதனை ஒண்ணு இருக்கு. கரண்ட்டுக்குப் பதிலா இரு முனைகளுக்கும் ஆடாத மின்னழுத்தம் கொடுங்க. ஃபேஸ் தள்ளாட வழியில்லை, வெறும் சைனின் சராசரி பூஜ்யம். கோடு மறையணும்.

பழவந்தாங்கல்காரன்:
நாலு முனை போட்டா வெய்ல் புள்ளி (ஆற்றல் மட்டங்கள் தொட்டுக்கிற இடம்) வரும்னு படிச்சேனே, அதையும் இதிலேயே பார்க்கலாமா?

தரமணிவாசி:
முடியாது. நாலு முனைன்னா தனித்தனி ஃபேஸ் மூணு, அதனால்தான் 2016-இல் ரிவார் குழு அந்தப் புள்ளிகளைக் கணிச்சது. ஆனா அது ஆண்ட்ரேவ் பிணைப்பு நிலைகளின் (ஜங்ஷனுக்குள் சிக்கின எலக்ட்ரான் நிலைகள்) ஆற்றலில் வரும் சமாச்சாரம். சைன் சர்க்யூட்டில் அந்த நிலைகளே கிடையாது.

நிலா_கோட்டூர்புரம்:
சார், ஓட்டிப் பார்த்தேன். கோடு சுத்தமா போயிடுச்சு! தொடரில் சின்ன ரெசிஸ்டர் ஒண்ணு சேர்த்தா மங்கலாத் திரும்ப வருது, அதன் மதிப்பை ஏத்த ஏத்த அடர்த்தியாகுது.

தரமணிவாசி:
அருமை. ரிவ்யூவில் அந்த ரெசிஸ்டர் வரைபடத்தையே முதல்ல காட்டுங்க. அடுத்ததா, இரு ஃபேஸின் கூட்டுத்தொகைக்கு ஒரு சைன் உறுப்பை நீங்களே சேர்த்து, ஆடாத மின்னழுத்தத்தில் ஓட்டுங்க. கோடு இருக்கும், கூட்டுத்தொகையின் தொடக்க மதிப்பை மாத்தினா கரண்ட்டும் மாறும். ஒண்ணு மட்டும் கவனிங்க: நடுவில் தனித் தீவு (எந்த முனையோடும் நேரா சேராத மீக்கடத்தித் துண்டு) வெச்சு நட்சத்திர வடிவில் இணைச்சா, வெறும் டனல் ஜங்ஷன்களே இந்த உறுப்பைத் தரும். உங்க முக்கோணத்தில் அந்தச் சிக்கல் இல்லை.