புதுப்பிப்பு: உண்ணிச்செடி மூடிய பாதைக்கு எந்த அரிவாள்?

சிறுமலையில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை உண்ணிச்செடி மூடிவிட்டது, நேரான கத்தி வாங்கலாமா, வளைந்த அரிவாளா என்று மழைக்கு முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி திருப்பாச்சேத்தி அரிவாளே வாங்கினேன்.

அருமையான கருவி. நேரான கத்தி பட்டால் மெல்லிய தண்டு வளைந்து நழுவுகிறது. அரிவாளின் மூக்கு அதைக் கவ்வி இழுத்து அறுக்கிறது. வெட்டிய முள்கிளையைக் கை படாமல் அந்த மூக்காலேயே ஒதுக்கிவிடலாம். பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டேன், வியர்வையில் வழுக்குவதில்லை.

ஆனால் உண்ணியை மேலே வெட்டினால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை நன்றாகப் பலிக்கிறது: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்குக் குந்தாலியின் தட்டை முனைதான் சரி. அரிவாளை மண்ணில் இறக்கினால் கல் பட்டு வாய் மடங்கிவிடும். காய் பழுப்பதற்கு முன்பே செய்யுங்கள், இல்லாவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும்.

அப்புறம், காப்புக்காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.