வீட்டுக் குழு: 39ஆவது வாரம்

திருச்சி அத்தை (இரவு 8.10): பிரசவத்தில் எந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று ஒரே ஸ்கேனில் முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. நம் பிள்ளைக்கும் எடுத்துப் பார்த்துவிடலாமே?

அம்மா: எனக்கும் நேற்றிலிருந்து இதே நினைப்புத்தான். தங்கச்சி வரட்டும், கேட்போம்.

சித்தி (8.41): இப்போதுதான் பார்த்தேன். அப்படி ஒரே ஸ்கேன் எதுவும் கிடையாது அக்கா. 26 வருடம் பிரசவ வார்டில் நின்றிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று துடிப்பு இறங்கியதையும் பார்த்தேன். நாங்கள் பயந்துகொண்டே இருந்த பிள்ளை வீல் என்று கத்திக்கொண்டு பிறந்ததையும் பார்த்தேன்.

நான்: அப்புறம் எப்படிச் சித்தி கண்டுபிடிப்பீர்கள்?

சித்தி: சொல்கிறேன் கண்ணு. கிணற்றில் முங்கு நீச்சல் அடிக்கிற பையனை நினைத்துக்கொள். ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும். அந்த நேரம் குழந்தை முங்குகிறது. வலி விட்டதும் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. தெம்பான குழந்தை இதைப் பல மணி நேரம் தாங்கும். எடை ஏறாத குழந்தை, அம்மாவுக்கு பிரஷர் உள்ள குழந்தை, தேதி தாண்டிய குழந்தை எல்லாம் சீக்கிரம் களைத்துப் போகலாம். முன்கூட்டியே தெரிவது இவ்வளவுதான். வளர்ச்சி ஸ்கேனும், ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனும் எதற்கு என்றால் இதற்குத்தான்.

சித்தி: மீதி வலி வந்த பிறகுதான் தெரியும். 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் மேலே வர நேரம் கிடைக்காது. வலி வரவைக்க ட்ரிப்ஸ் போட்டால் பக்கத்திலேயே ஆள் நிற்பது அதனால்தான். பனிக்குட நீர் பச்சையாக வந்தாலும், அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தாலும் கூடுதல் கவனம் வேண்டும்.

அண்ணி: எனக்கு வயிற்றில் பெல்ட் கட்டினார்களே, அது சொல்லாதா சித்தி?

சித்தி: அதுதான் சிடிஜி, குழந்தையின் துடிப்பையும் வலியையும் பதிவு செய்கிற மெஷின். துடிப்பு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் நடுவில் இருக்கிறதா, வலி முடிந்த பிறகும் இறங்கியே கிடக்கிறதா என்று காட்டும். ஆனால் அது சும்மாவே பயமுறுத்துவதும் உண்டு. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், அயர்லாந்தின் டப்ளினில் சுமார் 13,000 தாய்மாரிடம், விடாமல் மெஷின் மாட்டுவதையும் இடையிடையே காது கொடுத்துக் கேட்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விடாமல் மெஷின் மாட்டியவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது. மூளை வாத நோய் மட்டும் குறையவில்லை. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சிசேரியன்தான் கூடியது. சிக்கல் எதுவும் இல்லாதவளுக்கு நர்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒரு முறை, வலி விட்டதும் ஒரு நிமிடம் முழுதாகக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. புதிதாக வந்த பிள்ளைகளிடம் நான் சண்டை போட்டதெல்லாம் அதற்காகத்தான்.

அண்ணன்: குழந்தையின் துடிப்பை வீட்டிலேயே கேட்க ஆன்லைனில் சின்ன டாப்ளர் கருவி கிடைக்கிறது. ஒன்று வாங்கிவிடவா?

சித்தி: வேண்டாம் தம்பி. அவள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்துவிடுவீர்கள். துடிப்பு கேட்டாலும் குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் நேரே ஆஸ்பத்திரி. ராத்திரி 2 மணி என்றாலும் கிளம்புங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

அத்தை: சரி, அந்த மெசேஜை அழித்துவிட்டேன். வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

சித்தி: கண்ணு, கடைசி ஸ்கேனில் எடை எவ்வளவு? பிரஷர் எப்போது பார்த்தாய்?

நான்: 2.9 கிலோ. பிரஷர் செவ்வாய்க்கிழமை பார்த்தார்கள், 110/70.

சித்தி: நல்லது. இன்றைக்கு அசைவு?

நான்: சாப்பிட்டதிலிருந்து உதைத்துக்கொண்டே இருக்கிறது சித்தி. இப்போதுகூட.

சித்தி: சந்தோஷம். ஃபைலைப் பையில் மேலாக வை. அடியில் வைத்தால் அவசரத்தில் தேட வேண்டியிருக்கும்.

அம்மா: நான் எடுத்து வைத்துவிட்டேன்.