ஞாயிறு மாலைக்குள் கரைந்துபோகும் சமாதானம் நிலைத்திருப்பது எப்படி?

கேள்வி: மேடவாக்கம்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 16 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தது. ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று எல்லாவற்றையும் கடந்து வந்தவன்தான் நான்.

ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஆயர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போது மனம் உண்மையாகவே நிறைந்துவிடுகிறது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு, மறுநாள் வேலையைப் பார்ப்பதற்காக மடிக்கணினியைத் திறந்ததும் அந்த நிறைவு வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை உறக்கம் இல்லை. வீட்டுக் கடன் முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன; அது முடிந்த பிறகு எதற்காக ஓட வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. வீட்டுப் பங்கு தொடர்பாக அண்ணனோடு பேச்சும் நின்றுபோயிற்று. அது வேறு விஷயம்.

ஜெபக்குழுவில் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்றார். அப்படியானால் நிலையான சமாதானம் என்பது பெரிய விசுவாசிகளுக்கு மட்டும் உரியதா? உங்களில் யாருக்காவது அது உண்மையில் கிடைத்திருக்கிறதா? கிடைத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

பதில் 1: பெரம்பூர் ஆசிரியை (ஓய்வு)

தம்பி, "விசுவாசம் போதவில்லை" என்ற அந்தச் சொல்லை முதலில் மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருளிலேயே இருக்கிறது. அவற்றை எழுதியவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் வேதாகமத்திலிருந்து நீக்கிவிடவில்லை.

நீங்கள் தேடுவது மன அமைதி என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள சொல்லோ சமாதானம். சண்டையிட்ட இருவரைச் சமாதானப்படுத்தினோம் என்று நாம் அன்றாடம் சொல்வதில்லையா? உறவு சீராவதை அந்தச் சொல் குறிக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஷாலோம் என்ற எபிரேயச் சொல்லிலும் குறைவின்றி முழுமையாக இருத்தல் என்ற பொருள் உண்டு. ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் "தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்று எழுதுகிறார். அது சிலுவையில் கிறிஸ்து செய்து முடித்த காரியம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உங்கள் நெஞ்சு படபடக்கிறது என்பதற்காக அது ரத்தாகிவிடாது. என் உணர்ச்சியின்மேல் என் இரட்சிப்பு நிற்கவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, நான்கு ஆண்டுகள் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்தோம். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவருடைய இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே அருகில் உட்கார்ந்திருப்பேன். முதல் ஆண்டு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. பையில் இருந்த சிறிய சங்கீதப் புத்தகத்தை எடுத்து நாளுக்கு ஒன்றாக, இயந்திரத்தின் ஒலிக்கு மேல் அவருக்குக் கேட்கும் அளவுக்கு வாசிக்க மட்டும் செய்தேன். சொந்தமாக ஒரு சொல்லும் வராத நாட்களில் தாவீதின் சொற்களை இரவல் வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் 23-ஆம் சங்கீதத்தில் நான் தடுமாறி நின்றபோது, அடுத்த கட்டிலில் இருந்த ஒரு பெரியவர், தலைமாட்டில் முருகன் படம் வைத்திருந்தவர், "நிறுத்தாதீங்கம்மா" என்றார். கணவர் பிழைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளை வீணான காலம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பெப்ரீஷியஸ் ஐயர் முதுமையில் கடனில் சிக்கிச் சிறைக்கும் சென்று, 1791-இல் இந்த ஊரிலேயே காலமானார். நமக்குச் சமாதானத்தின் வசனங்களைத் தமிழில் தந்தவரின் வாழ்க்கையே இப்படித்தான் இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பவுலும் சிறையிலிருந்துதான் பிலிப்பியருக்கு எழுதினார். எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொள்ள நாட்கள் ஆகும் தம்பி.

இன்னொன்றையும் சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது. அண்ணன் காரியத்தை "வேறு விஷயம்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அது வேறு விஷயமாகத் தெரியவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். பேசுவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

பதில் 2: பரங்கிமலை அடிவாரம்

சகோதரரே, நான் கத்தோலிக்கன். அம்மா சுட்டிய அதே சொல்லை எங்கள் திருவிவிலியத்தில் "அமைதி" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனாலும் உறவைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். எங்கள் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் அருகில் நிற்பவரை நோக்கிக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். யாரோடு மனத்தாங்கல் இருக்கிறதோ அவர் சில நேரம் சரியாக அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

எனக்குத் துணையாக இருந்தவர் இயேசுவின் சீடரான தோமையார். நம் ஊருக்கு வந்து, இந்தப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்துறந்தார் என்று மரபு சொல்லும் அதே தோமையார்தான். அவரைச் சந்தேகப்பட்டவர் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மற்றச் சீடர்கள் உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம் என்று மகிழ்ந்திருக்க, தாம் மட்டும் நம்ப முடியாத நிலையிலும், எட்டு நாளுக்குப் பிறகு தோமையார் அவர்களோடு அதே வீட்டில் இருந்தார். அவர் எழுந்து போய்விடவில்லை. "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று அவர்களும் அவரை வெளியே தள்ளிவிடவில்லை. பூட்டிய கதவுக்குள் இயேசு வந்து நின்று, சமாதானம் சொல்லிய பிறகு, அவருக்குக் காட்டியது தம்முடைய காயங்களை. உயிர்த்தெழுந்த உடலிலும் அந்தக் காயங்கள் மறையாமல் இருந்தன என்பதில்தான் எனக்கு ஆறுதல். நம் காயம் ஆறிய பிறகே அமைதி வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

முடிந்தால் ஒரு நாள் காலையில் மலைக்குப் படி ஏறி வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் செலவில் அமைத்த கல்படிகள் அவை. என் மனைவி இறந்த ஆண்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதை ஜெபத்தைச் செய்துகொண்டே ஏறினேன். பெரும்பாலான வெள்ளிகளில் மேலே போன பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. விமானங்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆனாலும் அடுத்த வெள்ளி ஏறினேன்.

எதற்காக ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு அதற்கான விடை யோசனையில் கிடைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது, எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசியும் பாயும் சுமக்க ஆள் தேடினார்கள், போனேன். சைதாப்பேட்டையில் ஒரு பாட்டியம்மா, சுவரில் இடுப்பளவு சேற்றுக்கோடு காயாமல் இருந்த வீட்டில், ஒரே நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். அன்று முதல் வாரந்தோறும் வீடு சந்திக்கப் போகிறேன். என்னை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்ற எண்ணத்தோடு திங்கட்கிழமை எழுவது வேறு மாதிரியான எழுந்திருத்தல்.

பதில் 3: செவிலியர், கீழ்ப்பாக்கம்

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. இரண்டு மணிக்கு எழுந்து விடியும்வரை உறங்காமல் இருப்பதை மட்டும் நான் தனியாகப் பார்க்கிறேன். அது பல வாரங்களாகத் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். இதைச் செய்வது விசுவாசக் குறைவு அல்ல. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டியபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தரின் மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: மேடவாக்கம்வாசி

மூவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாட்கள் ஆகிவிட்டன. மருத்துவரைப் பார்த்தேன், இரத்த அழுத்தமும் கூடியிருக்கிறது என்றார். ஆசிரியை அம்மா சொன்னபடி இரவு விழித்தால் கைப்பேசியை எடுக்காமல் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கிறேன். உறக்கம் எல்லா நாளும் வருவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் குறைந்திருக்கிறது.

அண்ணனுக்கு இருமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே, அப்பாவின் நினைவு நாள் ஜெபம் எந்தத் தேதியில் என்று மட்டும் கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். தேதியை அனுப்பினேன். வருவாரா என்று தெரியாது. அன்று கோயிலில் படைக்கவேண்டிய ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் அண்ணன் பெயரை முதலிலும் என் பெயரை அதற்குக் கீழும் எழுதி, அப்பாவின் பழைய வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.