தெருமுனைக் குப்பை நின்றது எப்படி? உங்கள் தெருவில் யாரிடம், எப்படிப் பேசினீர்கள்?

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

எங்கள் தெருமுனை மின்கம்பத்தடியில் பல வருடமாகக் குப்பை கிடந்தது. மாடு பையைக் கிழிக்கும், நாய் இழுத்துக்கொண்டு போகும், மீதி பக்கத்துச் சாக்கடையில் விழும். ஐப்பசி மழை பிடித்தால் அந்தத் தண்ணீர் முதல் மூன்று வீட்டு வாசற்படி வரை ஏறும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. கெடிலம் ஆறு பெருகினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, சரி. நாமே போட்ட பை அடைத்துத் தண்ணீர் ஏறுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

முதலில் நான் போட்டதெல்லாம் சண்டைதான். கத்தினேன், அட்டை எழுதிக் கட்டினேன். எதுவும் மாறவில்லை.

ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, மீன் விற்கும் அக்கா பையோடு வருவதைப் பார்த்தேன். கோபமாகத்தான் கிட்டே போனேன். ஆனாலும் அன்று திட்டாமல் கேட்டேன்: "ஏன்க்கா, வண்டியில போடக் கூடாதா?"

"வண்டி ஏழரைக்கு வருது. இப்பவே முதுநகர் துறைமுகத்துக்குப் போனாத்தான் எனக்கு மீன் கிடைக்கும். திரும்பி வர மத்தியானம் ஆயிடும். அது வரைக்கும் மீன் கழிவை வீட்டுக்குள்ளயே வச்சிருக்கச் சொல்றியாம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருடம் அவரைப் பொறுப்பில்லாதவர் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் இருபத்திரண்டு வீட்டுக்கும் போனேன். கேட்டது ஒரே கேள்வி: வண்டி வரும்போது வீட்டில் யார் இருப்பீர்கள்? ஆறு வீட்டில் யாருமே இல்லை. மீன் விற்கும் அக்கா, சிப்காட் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிஃப்ட் போகிறவர்கள், அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகள். அந்த ஆறு வீட்டு வாளிகளையும் மூடி போட்டு எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வண்டி வந்ததும் நான் எடுத்துக் கொடுப்பேன்; நான் ஊரில் இல்லாவிட்டால் எதிர்வீட்டுச் சித்தி.

தரம் பிரிக்க வைப்பது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. நான் அதைச் சொன்னபோது நான்கு வீட்டில் காதிலேயே வாங்கவில்லை. வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். உடைந்த டியூப்லைட் கிழித்த தழும்பு. "கலந்து குடுத்தா நாங்க கையாலதான்மா கிளறிப் பிரிக்கணும்." மறுநாளே மூன்று வீட்டில் இரண்டு வாளி வந்துவிட்டது. நாப்கின், டயப்பரைத் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

மின்கம்பத்தடியைக் கழுவிச் சாணம் தெளித்தோம். தெருப் பிள்ளைகள் முறை போட்டுக் கோலம் போடுகிறார்கள். கோலத்தின் மேல் பையை வீச யாருக்கும் கை வரவில்லை. வெளியிலிருந்து பைக்கில் வந்து போட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை அன்று காலையிலேயே எடுத்துவிடுகிறோம். ஒரு பை கிடந்தால் சாயங்காலத்துக்குள் பத்தாகிவிடும்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

மொட்டை மாடியில் உரத்தொட்டி வைத்தேன். பத்தாம் நாள் கீழ்வீட்டு அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். தப்பு என்னுடையதுதான். வெறும் காய்கறிக் கழிவை மட்டும் கொட்டியதால் ஈரம் கூடி, காற்றுப் போகாமல் அழுகிவிட்டது. ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்து, புளித்த மோர் தெளித்து, மூன்று நாளுக்கொருமுறை கிளறினேன். வாடை போயிற்று. இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் வந்தது. முதல் கூடையை அத்தையின் கறிவேப்பிலைச் செடிக்குக் கொடுத்தேன். இப்போது அவரும் தொட்டி வைத்திருக்கிறார். சருகு சேர்த்துத் தருவதும் அவர்தான்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெரு முழுக்க முறிந்த கிளையும் இலையும். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கூட்டி எரிக்கப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது, ஐயா, என்று மட்டும் சொன்னேன். உடனே தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். இருவருமாகக் கொட்டாங்கச்சி, டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினோம். தேங்கிய நல்ல தண்ணீர் போதும், ஒன்றரை வாரத்தில் டெங்குக் கொசு பறக்கத் தொடங்கிவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் அக்காவிடம் ஒரு கேள்வி: திண்ணையில் மீன் கழிவு வாடை அடிக்கவில்லையா?

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

முதல் வாரம் அடித்தது. இப்போது அந்த மீன் விற்கும் அக்கா கழிவைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே அடுப்புச் சாம்பல் தூவி, இறுக்கி மூடி வைத்துவிட்டுப் போகிறார். மூடியின் மேல் ஒரு செங்கல்லும் வைக்கிறார், பூனைக்காக.